சல்லடையில் நின்ற கட்டி

எண்பதுகளின் பின்பாதியில், எனக்கு ஒன்பது வயதில், என் தலைக்குள் இருந்த கட்டியைப் போடிநாயக்கனூரில் பார்க்காதவர்கள் குறைவு. மதுரையில் ஸ்கேன் எடுத்துக் கொடுத்த படத்தை அப்பா தன் ஏலக்காய்க் கடையிலேயே வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் சாம்பிள் காட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா?

வந்தவர்கள் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். பாதிப்பேர் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். "பெருங்காய் இல்ல மாப்ளே, நடுத்தரந்தேன்" என்று அத்தை வீட்டு மாமா தீர்ப்புச் சொன்னார். அப்பாவுக்கு அது போதவில்லை. காய்களைத் தரம் பிரிக்கும், ஓட்டையின் அளவுக்கு நம்பர் போட்ட சல்லடைகளைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்து, "ஏழாம் நம்பர்ல நிக்கும், எட்டுல விழுந்துரும்" என்று முடித்துவைத்தார். பக்கத்தில் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுரை டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "மெதுவா வளர்ற கட்டி. இப்ப கத்தி வைக்க வேணாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்து, ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். வளந்திருந்தா ஆபரேஷன். பழைய படத்தைப் பத்திரமா வச்சிருங்க."

அப்பா பத்திரமாக வைத்தார். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று, போடிமெட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூட்டுக்குழாய்க்கு மேலே வைத்தார். ஸ்டோரில் காய்ந்தது எதுவும் கெடாது என்பது எங்கள் ஊர் வியாபாரிகளின் நம்பிக்கை. படம் அப்பளமாகச் சுருண்டு கறுத்துப்போனது.

ஆறு மாதம் ஆனதும் மறுபடி ஸ்கேன் எடுத்துவிட்டு, மதுரை டாக்டர் அதை விரித்துப் பார்த்தார். "இதை வச்சு எப்படிங்க ஒப்பிடுறது?"

"ஏழாம் நம்பர் சல்லடைல நின்னுச்சுங்க சார்."

"படத்துல இருக்கிற அளவு வேற, தலைக்குள்ள இருக்கிற அளவு வேற. இன்னைக்கு எடுத்ததுதான் இனிமே முதல் படம். இன்னும் ஆறு மாசம் பொறுக்கணும்."

அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மண்டையைத் திறப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமலேயே பள்ளிக்கூடம் போய் வந்தேன். புதுப் படத்தை அம்மா தன் கல்யாணப் பட்டின் மடிப்புக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமா வந்து கேட்டபோது, "படம் பாக்கவாண்ணே வந்தீங்க? பிள்ளை இங்கிட்டுத்தேன் இருக்கா, பாத்துட்டுப் போங்க" என்றாள். மாமா காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஸ்கேலால் அளந்தார். "வளரலை. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்" என்றார். அப்பா தரம் எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். படத்தை அத்தனை முறை தடவிப் பார்த்த மனுஷன், கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து என் தலையில் கை வைத்ததே இல்லை. அது பயம் என்று எனக்கு அப்போது தெரியாது. அன்று வைத்த கையை, ரயில் போடிக்கு வந்து சேரும்வரை அவர் எடுக்கவில்லை.