ஸ்கேக்ஸ் வீட்டுக் கொல்லையில் கிடந்த கெளுத்தி

டாலிவர் ஏரிக்கரையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்டித் ப்ரூவெட்டுக்கு, தண்ணீருக்கு மேலே இருக்கிற ஊரைவிடத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஊர்தான் அத்துப்படி. இத்தனைக்கும் அந்த ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே அணை கட்டி, சோரல் பெண்ட் என்ற அந்த ஊர் தெருவோடு, கிணற்றோடு, புகைபோக்கிகளோடு முழுகிப்போயிற்று. அவளுக்கு வாய்த்ததெல்லாம் ஏரியின் ஆழத்தைக் கோடு கோடாகக் காட்டும் ஒரு வரைபடம். மற்றவர்கள் பைபிளைப் புரட்டும் நேரத்தில் அவள் அதைப் புரட்டுவாள். கடவுள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முழுகின ஊர்க் குடும்பங்கள் எல்லாம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து மரத்தடியில் கூடிச் சாப்பிடும். ஏரி அவர்கள் வீடுகளைத் தின்றது. வருஷத்தில் அந்த ஒரு நாள் அவர்கள் ஏரியைத் தின்பார்கள். அதில் பிடித்த கெளுத்தியைச் சோளமாவில் புரட்டிப் பொரித்ததைத் தவிர வேறு மீன் அந்த மேஜையில் ஏறியதே இல்லை. மீன் கொண்டுவருவது முறை வைத்து ஒவ்வொரு குடும்பமாகச் சுற்றி வரும். இந்த வருஷம் ப்ரூவெட் வீட்டு முறை.

பார்த்து இந்த வருஷம்தானா அணையில் பழுது வர வேண்டும்? வேலை செய்ய வசதியாக ஏரியைப் பதினைந்து அடி இறக்கிவிட்டார்கள். படகுத்துறைகள் சேற்றில் குந்தின. காலங்காலமாகக் கெளுத்தி கிடைத்த இடங்களில் கொக்கு நடந்தது. விருந்துக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை வரை ஆர்டித்தின் வாளியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"ஏம்மா ஆர்டித், போதகர் மறுபடியும் போன் பண்ணிட்டாரு," என்றாள் அண்ணி வைனோனா. "கோழிக்குச் சொல்லிடட்டுமான்னு கேக்குறாரு."

"கோழி எந்த வீட்டுல முழுகிச்சாம்? கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க அண்ணி."

வாய்தான் அப்படிச் சொன்னது. ப்ரூவெட் வீட்டு முறையில் கோழி தின்றோம் என்று இந்த ஊர் அவள் கல்லறைக் கல்லில் கூட வெட்டி வைக்கும்.

அவள் வரைபடத்தைச் சமையலறை மேஜையில் விரித்தாள். அதில் அச்சிட்ட ஆழமெல்லாம் ஏரி நிரம்பி நிற்கும்போது அளந்தது. இருபதடி என்று போட்டிருந்த இடத்தில் இப்போது ஐந்தடிதான். ஊரே பழைய எண்ணை நம்பிப் பழைய இடத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. ஆர்டித் பழுப்புக் கிரேயானை எடுத்துப் பதினைந்தடிக்குக் குறைந்த இடத்தையெல்லாம் தேய்த்து நிரப்பினாள். கொழுகொழுவென்றிருந்த ஏரி காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி மெலிந்துபோயிற்று. எஞ்சியது பழைய ஆறும், அதில் வந்து சேரும் ஓடைகளும்தான்.

"அண்ணி, மீன் என்ன பறந்தா போயிருக்கும்? மேட்டுல தண்ணி வத்தினா ஓடை வழியா இறங்கி ஆத்துக்குத்தான் வரணும். ஓடைதான் அதுக்கு ரோடு. ரெண்டு ரோடு சேர்ற இடத்துல, திருப்பத்துல, கூட்டம் நிக்கும். என் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி."

அவள் விரல் ஓட்டர் ஓடையோடு இறங்கி வந்து, அது ஆற்றில் சேரும் வளைவில் நின்றது. அங்கே ஆழக்கோடுகள் புடவைக் கொசுவம் போல ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தன. கோடுகள் நெருங்கினால் செங்குத்தான சரிவு. சரிவுக்கு அடியில் மடு. தண்ணீர் இறங்கியும் அங்கே நாற்பதடி நிற்கும்.

அவள் விரலை விலக்கிப் பார்த்த வைனோனா, "ஐயையோ," என்றாள். "அது டெல்மர் ஸ்கேக்ஸ் வீடாச்சே!"

முழுகின வீடானாலும் வீடு வீடுதான். அடுத்தவர் மனைக்கு மேலே கேட்காமல் நங்கூரம் போடக்கூடாது என்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். தொலைபேசியில் கேட்பதும் செல்லாது. வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். டெல்மரும் ஆர்டித்தும் பேசி இரண்டு வருஷமாகிறது. அவள் வரைபடத்தை அவன் தையல்காரி துணி வெட்டும் பேட்டர்ன் என்றான். அவன் சுட்ட சோள உருண்டையைப் படகில் ஏற்றினால் படகு முழுகும் என்று அவள் விருந்தில் வைத்துச் சொன்னாள்.

ஆர்டித் தலையை வாரிக்கொண்டு போய் அவன் முன்வாசலில் நின்றாள்.

"அடடே, தையல்காரி! துணி கிழிஞ்சிடுச்சா?"

"உன் தாத்தா மனையில தூண்டில் போடணும் டெல்மர். கேக்க வந்தேன்."

"வாரம் பூரா நானே அங்கதான் உக்காந்திருக்கேன். இருபதடின்னு அப்பா காட்டின இடம். ஒரு தவளைகூடத் தொடல."

"நீ முன்வாசல்ல உக்காந்திருக்கே. அங்க இப்ப அஞ்சடிதான் தண்ணி. மீனெல்லாம் கொல்லைப்பக்கம் சரிவுல கிடக்குது."

ஸ்கேக்ஸ் வீட்டார் மூன்று தலைமுறையாக, மரியாதை கருதி, முழுகின வீட்டுக்கும் முன்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார்கள்.

"கொல்லை வழியா சொந்தக்காரங்கதான் வருவாங்க," என்றான் மெதுவாக.

"தெரியும். அதான் கேக்குறேன்."

அவன் மோவாயைச் சொறிந்தான். "நானும் வருவேன். மத்தியானத்துக்குள்ள மீன் விழலேன்னா, நாளைக்கு எல்லார் முன்னாலயும் என் உருண்டையைத் தின்னுட்டு நல்லாயிருக்குன்னு சொல்லணும்."

"அதுக்கு நான் ஏரியில குதிச்சிடுவேன்," என்றாள் ஆர்டித். ஆனால் கை கொடுத்தாள்.

வைனோனாவையும் ஏற்றிக்கொண்டு மூவரும் படகில் போனார்கள். வரைபடம் சொன்ன இடத்தில் நங்கூரம் போட்டு, வெட்டின மீன்துண்டை இறக்கினாள். ஒன்றும் தொடவில்லை. வெயில் ஏறியது. வைனோனா போதகரைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டாள். ஆர்டித் கரையிலிருந்த ஒரு பட்ட மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நகர்ந்துகொண்டே வந்தது.

"மரம் நடக்காது. நாமதான் நகர்றோம்," என்றாள். "நங்கூரம் சேத்துல வழுக்குது, காத்து நம்மளைச் சரிவுலேருந்து தள்ளிட்டிருக்கு."

டெல்மர் தன் மீன்காட்டும் பெட்டியைத் தட்டினான். "தாத்தாவோட கிணத்துச் சுவர் இந்தத் திரையில தெரியணும். கிணறு கொல்லை ஓரத்துல இருந்துச்சுன்னு அப்பா சொல்வாரு." படகை இழுத்து இழுத்து வைத்தார்கள். திரையில் ஒரு மொட்டைச் சுவர் எழுந்தது. அதற்கு அப்பால் தரை விழுந்தது.

"இங்கதான்!" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மீன்துண்டு கிணற்றைத் தாண்டி இறங்கியதுதான் தாமதம், தூண்டில் கொம்பு தண்ணீரைக் கும்பிட்டது. மாட்டிய நீலக் கெளுத்தி நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு, படகை ஸ்கேக்ஸ் வீட்டைச் சுற்றித் தேர் போல இழுத்துப் போயிற்று. ஆர்டித் உட்காரவும் இல்லை, கத்தவும் இல்லை. பிள்ளைகள் கூச்சலிடும் பேருந்தைப் பனியில் ஓட்டுகிற அதே முகத்தோடு, நூலை விட்டாள், இழுத்தாள், விட்டாள். கடைசியில் தண்ணீருக்கு மேலே வந்த தலையின் அகலத்தைப் பார்த்து டெல்மர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினான். அதைத் தூக்கியபோது ஏரி ஓர் அங்குலம் இறங்கியதாகவும், மறுபடியும் தண்ணீரைத் திறந்துவிட்டது யார் என்று அணைக்காரர்கள் சண்டை போட்டதாகவும் வைனோனா சொல்கிறாள். நம்பாதவர்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளட்டும். அதே மடுவில் இன்னும் பல மீன் விழுந்தது.

மறுநாள் விருந்துக்கு எண்ணெய் காயும் நேரம். ஆர்டித் தன் வீட்டுச் சமையலறையில் மாவு புரட்டிக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. கதவைத் தட்டாமலே டெல்மர் உள்ளே வந்து, ஒரு கூடை சோள உருண்டையை மேஜையில், வரைபடத்தின் மேலேயே வைத்தான்.

பந்தயத்தில் ஜெயித்தவள் அவள். தின்ன வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தாள். படகு முழுகும் கனம்தான்.

"நல்லாயிருக்கு டெல்மர்," என்றாள், கண்ணில் நீர் முட்ட. "இன்னொண்ணு குடு."