டைனமோவுக்குள் ஒரு மிளகு

கைராசி என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். சொல்கிறவர் யாரென்றும் பார்க்கமாட்டேன். "இன்னும் அதையே பிடிச்சிக்கிட்டு இரிக்கிறீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். ஓம், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேற்றாத்தீவில் பெண் எடுத்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோனவன் நான். மாமாவுக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் இருந்தது. கலியாணம் பேசும்போதே, "மிசின் மூத்தவளுக்குத்தான்" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார். மிசின் என்றால் டிராக்டர். வேறு ஆட்களிடம் அடிபட்டுத் தேய்ந்து வந்த பழைய மிசின். அதை வாங்குவதற்காக மாமா தன் உழவு மாடுகளை எல்லாம் விற்றிருந்தார். ஓட்டினது நான், கழுவினது நான், சேற்றுக்குள் மல்லாந்து கிடந்து அதன் அடிவயிற்றைத் துடைத்தது நான். சாவி மட்டும் மாமாவின் மடிக்குள்.

அந்தச் சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயிலிலிருந்து மருத்துநீர் வந்தது. மஞ்சள், மிளகு, பூ, இலை, பால் எல்லாம் போட்டுக் காய்ச்சிய நீர்; எல்லோரும் தலையில் வைத்து முழுகவேண்டும். முன்பு மாடுகளுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. மாடுகள் போய்விட்டன, பங்கு போகவில்லை. மாமா செம்போடு வந்து மிசினின் தலையில் தெளித்தார். அதோடு விட்டாரா?

"மூடியத் திறங்க மருமகன். மாட்டுக்கு நெஞ்சிலயும் வைக்கிறநாங்க."

"மாமா, உள்ளுக்கு வயரெல்லாம் கிடக்கு."

"மருத்துநீரால ஆருக்குக் கேடு வந்த? திறங்க!"

திறந்தேன். அவருடைய வீடு, அவருடைய மிசின், புத்தாண்டும் அவருடையதுதான் போலிருந்தது. செம்பு முழுவதையும் உள்ளே கவிழ்த்தார்.

பிறகு நல்ல நேரம் பார்த்து, முற்றம் நிறையச் சனம் நிற்க, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பினால் முன்பலகையில் ஒரு சிவப்பு லைற் எரியும். எஞ்சின் வேகம் பிடித்ததும் அது நூர்ந்து அணைந்துவிட வேண்டும். நூர்ந்தால், டைனமோ பெற்றறிக்குச் சார்ஜ் கொடுக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அது நூரவில்லை. வேகத்தைக் கூட்டினேன். வாய்விட்டு உறுக்கினேன். அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மாமா லைற்றைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார்.

"நல்ல நாளில இவர்ட கையால துவங்கினதுதான் பிழை. கைராசி இல்லாத கை."

செம்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது! மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது! ஒருவராவது அதைப் பார்க்கவேண்டுமே. எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

மனைவியின் தங்கையைக் கட்டிய சகலன் கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். கலியாணம் முடிந்த கையோடு அவருக்கு அந்த வேலை கிடைத்ததால், மாமாவின் கணக்கில் அவர் கைராசிக்காரர். நல்ல மனிசன்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்த ஸ்டியரிங்கை அவர் பிடித்தது போட்டோ எடுக்க மட்டும்தான். மாமா அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குத் தவணை சொன்னார்.

"வாய்க்கால்ல தண்ணி வாறதுக்குள்ள அந்த லைற் நூரோணும். நூரல்லெண்டா மிசின் சின்னவருக்கு. அவர் ஆள் வச்சு ஓட்டட்டும்."

என் பெண்சாதிக்கென்று சபையில் சொன்ன மிசின்! நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவோட கதைச்சு வேலையில்ல. நீங்க லைற்றப் பாருங்க."

பார்த்தேன். எனக்கிருந்த ஆத்திரத்தில் ஸ்பானர் ஒன்றும் கையில் நிற்கவில்லை, நட் ஒன்று மண்ணில் விழுந்து தேடவேண்டி வந்தது. முதலில் பெல்ற்றைப் பெருவிரலால் அமத்தினேன். தொய்வு இல்லை. பெற்றறியின் முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். லைற் எரிந்தது. வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். எரிந்தது. சகலன் வெள்ளைச் சேட்டோடு வந்து குனிந்து, "பெற்றறிதான் போயிருக்கும் அண்ணன், புதுசு போடுவம்" என்றார். சார்ஜ் ஏறாத மிசினுக்குப் புதுப் பெற்றறி போட்டால் அதுவும்தான் செத்துப்போகும். மாமா அதற்கிடையில் சில்லுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார், கண்ணூறு கழிய மூக்கில் தேசிக்காய் கட்டித் தொங்கவிட்டார். தேசிக்காயைக் கண்டால் டைனமோ பயந்து ஓடவா போகிறது!

கடைசியில் டைனமோவின் வயர்கள் இரண்டையும் கழற்றினேன். அந்த இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்து, அதற்கும் மிசினின் உடம்புக்கும் நடுவில் ஒரு சின்னப் பல்பைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டேன். டைனமோ வேலை செய்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. வயரிலும் பிழையில்லை, பெற்றறியிலும் பிழையில்லை, டைனமோவுக்குள்தான் பிழை.

கழற்றி, பின்மூடியைத் திறந்தேன். உள்ளே சுழலும் செம்பு உருளை பளபளவென்று இருக்கவேண்டியது, மஞ்சள் பொருக்குக் கட்டிக் கிடந்தது. அந்த உருளையில் உரசிக் கரண்ட்டை எடுப்பது இரண்டு கரிக்கட்டைகள். அதில் ஒன்று அதன் கூட்டுக்குள்ளேயே இறுகி நின்றது. அதை அழுத்துகிற சுருள் கம்பிக்குக் கீழே, ஊறிப்போய், கொழுத்த ஒரு மிளகு.

கடவுளே! அந்த மிளகை எடுத்துக்கொண்டு நேரே போய் அவர் முகத்தில் எறிந்திருப்பேன். எறியவில்லை. பெற்றோல் நனைத்த துணியால் உருளையைத் துடைத்தேன், கரிக்கட்டைகளைச் சுத்தம் செய்து அசையவிட்டேன், எல்லாவற்றையும் பூட்டினேன். சாவியைத் திருப்பினேன். லைற் எரிந்தது. எஞ்சின் வேகம் பிடித்தது. லைற் நூர்ந்தது.

பிறகு மாமாவிடம் போய், அவர் உள்ளங்கையில் மிளகை வைத்தேன்.

"டைனமோவுக்குள்ள கிடந்த."

அவர் அதை உருட்டிப் பார்த்தார். வாயில் போட்டார். கடித்தார்.

"மிளகுதான்" என்றார். எழும்பிக் கோயிலுக்குப் போய்விட்டார்.

சாட்சியை மென்று விழுங்கிவிட்டார் மனிசன்! கோயிலில் போய் என்ன சொன்னார் தெரியுமா? மருத்துநீர் வைத்தபடியால்தான் மிசின் பெரிய கேடில்லாமல் தப்பியது என்றாராம்.

தண்ணீர் வந்தது, நான்தான் உழுதேன். அந்த வருசம் முழுக்க லைற் ஒருநாளும் நூராமல் நிற்கவில்லை. ஆனால் சொன்ன சொல் ஊருக்குள் நின்றுவிட்டது. பக்கத்து வயல்காரருக்கு உழுது முடித்துவிட்டு வரம்பில் நிற்கிறேன், விதைப்பைத் துவங்கப் போனவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "தம்பி, குறை நினைக்காத. கொஞ்சம் தள்ளிப் போய் நில்லு" என்றார். நான் உழுத மண்! தள்ளிப் போய் நின்றேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சித்திரை வந்தது. அதே முற்றம், அதே சனம். மாமா ஒரு கையில் செம்போடும் கக்கத்தில் ஒரு சாக்கோடும் வந்தார். மூடியைத் தானே திறந்தார். சாக்கை மடித்து டைனமோவைச் சுற்றிப் போர்த்தி, ஒரு சொட்டும் இறங்காதபடி சணல் கயிற்றால் கட்டினார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்துச் சகலனின் கையில் கொடுத்தார்.

"சின்ன மருமகன், நீங்க வந்து துவங்குங்க."

எல்லாம் தெரிந்திருக்கிறது! எங்கே கட்டவேண்டும், எப்படிக் கட்டவேண்டும் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, ஊர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்ல, ஒரு வருசம் விட்டிருக்கிறார். போய்க் கயிற்றை அறுத்துச் சாக்கை முற்றத்தில் வீசினேன்.

"ஊத்துங்க மாமா."

"என்ன கதை இது, நல்ல நாளில?"

"மருத்துநீரால கேடு வராதே. ஊத்துங்க!"

செம்பு சரிந்தது. நீர் விளிம்புவரை வந்து நின்றது. அவர் ஊற்றவில்லை. அப்போதுதான் குசினி வாசலிலிருந்து என் மனைவி வந்து, எனக்குப் பக்கத்தில் நின்றாள். தகப்பனுக்கு எதிராக ஒரு சொல் சொல்லி நான் கேட்டிராதவள்.

"ஊத்துங்க அப்பா" என்றாள். "இவர்ட கைதானே பிழை."

மாமா செம்பை நிலத்தில் வைத்தார். சகலன் தானாகவே சாவியை நீட்டினார், அவருக்கு விட்டால் போதும் என்றிருந்தது. மாமா அதை வாங்கி என்னிடம் நீட்டினார். முகம் வாவிப் பக்கம் இருந்தது.

"எடுங்க."

"போன வருசம் சனத்துக்குத்தானே சொன்னீங்க. இப்பயும் சனத்துக்குச் சொல்லுங்க."

சனத்தின் பக்கம் திரும்பினார்.

"கையில பிழையில்ல" என்றார்.

சாவியை வாங்கித் திருப்பினேன். சிவப்பு எரிந்தது, நூர்ந்தது. மனைவி என்னோடு மட்காட்டில் ஏறி உட்கார்ந்தாள். தெருக்கோடி வரைக்கும் போய் வந்தோம். செம்பில்தான் பிழை என்று மாமா சாகும்வரை சொல்லவில்லை.