காற்று எந்தப் பக்கம் போகிறது?

என்னிடம் பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. ஏ.சி. சரியாகக் குளிராததால், 2006 கோடையில் நானும் நண்பன் ரவியும் அதில் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைப் பெரிதாகப் பொருத்தினோம். ரேடியேட்டருக்குப் பின்னால் இடம் போதாததால், அதைக் குளிர்விக்கும் ஃபேனைக் கழற்றி அதன் முன்பக்கம் மாட்டினோம். ஒயர்களை நான்தான் இணைத்தேன்.

மறுநாள் இருவரும் சென்னை ராஜகீழ்ப்பாக்கம் நெரிசலில் நின்றபோது, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பதறிப்போய் ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ரேடியேட்டர் அடைச்சிருக்கும் மச்சான். இன்ஜினையே இறக்கணும்போல" என்றான் ரவி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது காருக்கு எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா சத்தம் போட்டார்.

"இன்னா சார், உன் வண்டி என் மூஞ்சிலயே அனல ஊதுது? தெனம் எத்தினி வண்டி இங்க நிக்குது, ஒண்ணுகூட இப்டி முன்னாடி ஊதாது!"

இறங்கி, காரின் முகப்பிலுள்ள கிரில்லுக்கு முன்னால் கையை நீட்டினேன். சுட்டது. காற்றை உள்ளே தள்ள வேண்டிய ஃபேன், இன்ஜின் சூட்டையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு ஒயரையும் நான் மாற்றி இணைத்ததால் ஃபேன் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது!

இன்ஜினை ஆறவிட்டுச் சரிசெய்தோம். முள் இறங்கியது.

"இப்பதான் காத்து அந்தாண்ட போவுது" என்று சிரித்தார் அக்கா.

ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாதவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே கோளாறைச் சொல்லிவிட்டாரே என்று வியந்தபடியே நாங்கள் வண்டியில் ஏறினோம்.

இப்போதெல்லாம் ஒயரில் கை வைத்தால், கிரில்லுக்கு முன் ஒரு தாளைப் பிடித்துப் பார்க்கிறேன். அது உள்பக்கம் இழுபட்டு ஒட்டிக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.