வரதன் சொன்ன "வரேன்"

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆவணியில் பெங்களூரிலிருந்து திருச்சிக்குப் போனேன். கோயில் பார்க்க இல்லை, ஆள் பார்க்க. எங்கள் கம்பெனி எலெக்ட்ரானிக் மீட்டர்கள் செய்யப் புது யூனிட் போட ஊர் தேடியது. "இடமும் கரண்டும் எங்கேயும் கிடைக்கும். விஷயம் தெரிஞ்ச இன்ஜினீயருங்க எங்கே இருக்காங்களோ அங்கே போடலாம்" என்றார் முதலாளி. நான்தான் வாயைக் கொடுத்துத் திருச்சி என்றேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் சுமார் 340 கிலோமீட்டர். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் விடிகாலையில் இறங்கி, ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் பிடித்தேன். ஸ்ரீரங்கத்துக்கு முக்கால் மணி. காவிரிப் பாலத்தில் எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள், நான் வாட்சைப் பார்த்தேன். "நடை சாத்திடுவாங்கன்னு பயமா சார்?" என்றார் கண்டக்டர்.

ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்த நேரம். எதிரே காபி ஹோட்டலில் வரதன் காத்திருந்தார். உள்ளூர் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். அவரையும் அவர் கூடப் படித்தவர்களையும் நம்பித்தான் நான் வந்ததே.

"ஆள் இருந்தா நீங்க வேலை கொண்டு வருவேள். வேலை இருந்தாத்தான் நாங்க ஊர்ல இருப்போம். யார் முதல்ல?" என்றார். பம்பாயில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது.

"யூனிட் வந்தா இங்கேயே சேருவீங்களா?"

மிச்சக் காபியைக் குடித்து டம்ளரை வைத்தார். "சரி, வரேன்" என்று எழுந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே டிரங்க் கால் போட்டு, "வராங்க சார்" என்றேன். முதலாளி மறுநாளே இடத்தை முடித்துவிட்டார்.

ஊர் திரும்பும் நாளில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம் நான், பக்கத்திலிருந்த ஜங்ஷனுக்கு நடந்தேன். மெட்ராஸ் வண்டி நின்றது. பெட்டியோடு வரதன்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"பம்பாய்க்குத்தான். அன்னிக்கே 'வரேன்'னு சொல்லிண்டுதானே எழுந்தேன்?"

கிளம்பும்போது "போறேன்" என்று நம்மில் யார் சொல்கிறோம்? "நீங்க சேரப்போறீங்கன்னு சொல்லிட்டேனே. இடமே வாங்கியாச்சுங்க."

"என் ஒரு வார்த்தையை வச்சா?"

வண்டி நகர்ந்தது. ஏறிக்கொண்டு, "வரேன்" என்றார். எந்த "வரேன்" என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

யூனிட் திறந்த அன்று யார் பேசியதும் காதில் விழவில்லை, கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூஜை முடிகிற நேரத்தில் அதே பெட்டியோடு வந்தார். கூடப் படித்து பம்பாயில் வேலை பார்த்த இரண்டு பேரையும் இழுத்து வந்திருந்தார். "வந்துட்டேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே ஆள் இருக்கிறது என்று பிறகு யூனிட் இருந்த அதே ரோட்டுக்கு இன்னும் சில கம்பெனிகள் வந்தன.

போகிறவர்களுக்கு: ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடியுங்கள். பாலத்தில் தண்ணீரைப் பாருங்கள். வேலை விஷயமாகப் போனால், "வரேன்" என்பவரிடம் வரீங்களா, போறீங்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த யூனிட் திருச்சிக்கு வந்திருக்காது.