மூன்று டேக்கில் முடிந்த இணைச்சீர்

எருமப்பட்டி மயிலம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலை. விரிசல் விட்ட முட்டையைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். மனிதர்களிடமும் அந்த வித்தை ஓரளவு பலிக்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் போய்ப் பதினோரு வருடம். அதற்கப்புறமும் கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளுமாகத்தான் கட்டுகிறார். ஊரும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டது. சேலையில் என்ன கலர் வேண்டுமானாலும் இருக்கலாம், மணவறைப் பக்கம் மட்டும் வரக்கூடாது. ஊரின் முற்போக்கு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

சிக்கல் தம்பி குமரனால் வந்தது. முப்பத்தெட்டு வயதில், ஊர் ஊராக ஜாதகம் தூக்கிக்கொண்டு அலைந்து, ஒருவழியாகப் பெண் கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் முதல் நாள் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் மணப்பெண் மாதிரி அலங்கரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை அவள் தோளில், மறுமுனை அவன் கையில். அம்மா இல்லாத குமரனை ஆறு வயதிலிருந்து வளர்த்தவர் மயிலம்மாள். அந்தச் சேலை முனையைத் தவிர அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் மணியன் மறுத்துவிட்டார். "உனக்கே தெரியாதா சாமி? உஷாராணி நிக்கட்டும்."

உஷாராணி சித்தப்பா மகள். மறுநாளே பட்டு எடுத்துவிட்டாள். "அக்கா, கலர் நல்லாருக்குதா?" என்று கொண்டுவந்து காட்டவும் செய்தாள். குமரன் வாயைத் திறக்கவில்லை. கிடைத்த பெண் நழுவிவிடுமோ என்ற பயம்.

அப்போதுதான் ஊருக்குள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். விதவைகளின் துயரத்தைப் பற்றிய படம். அசல் விதவைகள் வேண்டுமென்று இயக்குநர் நந்தகுமார் பண்ணைக்கே வந்து கேட்டார். மயிலம்மாள் கையைத் தூக்கினார். நந்தகுமார் ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்லம்மா. உங்ககிட்ட அந்த சோகம் இல்ல."

"ஏனுங்க, பதினோரு வருசமா நான் அதுதானுங்களே?"

"இருக்கலாம். படத்துல யாரும் நம்ப மாட்டாங்க."

இப்படி விதவை வேஷத்துக்குத் தகுதியில்லை என்று கழிக்கப்பட்டவரைத்தான் இணைச்சீர் காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். கதைப்படி விதவை அக்கா தூணோரம் நின்று அழ, வேறொருத்தியாக மயிலம்மாள் சீர் செய்ய வேண்டும். அழுவதற்கு மும்பையிலிருந்து ஒரு நடிகை வெள்ளைச் சேலையோடு வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு ஆள் தேடியபோது, வேடிக்கை பார்க்க வந்த குமரனை மயிலம்மாளே முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, பிரமாதம்!" என்றார் இயக்குநர்.

அசல் அருமைக்காரர் என்று மணியனையும் அழைத்திருந்தார்கள். பூவும் பொட்டுமாக நின்ற மயிலம்மாளைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு, "சினிமாதான" என்று விட்டுவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஐயா, வாழ்த்து முழுசா வேண்டாம், சும்மா வாய அசைங்க" என்று நந்தகுமார் சொன்னதுதான் தாமதம், மனிதர் பொங்கிவிட்டார்.

"வாய அசைக்கிறதுக்கு வேற ஆளப் பாருங்க! நாப்பது வருசமா நாஞ் செஞ்ச சீரு ஒண்ணுகூட பொய்யில்லீங்க. நாஞ் செஞ்சா செஞ்சதுதான்!"

வேடிக்கைக்குக் கூடியிருந்த ஊர் முழுக்கக் கேட்டது. முழு வாழ்த்தையும் பாடினார். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தடவை. நடிகை அழ மறந்து சீரையே பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்றாவது தடவை. மூன்று தடவையும் மயிலம்மாள் ஒரே மாதிரி சிரித்தார்.

அடுத்த வாரம் குமரனின் நிஜக் கல்யாணம். முதல் நாள் உஷாராணி பட்டில் பளபளத்து வந்து நிற்க, மயிலம்மாள் பந்தல் நடுவே வந்து மணியனிடம் பவ்யமாகக் கேட்டார்.

"ஏனுங்க மாமா, ஒரு மாப்பிள்ளைக்கு இணைச்சீரு எத்தன வாட்டிங்க?"

"ஒரு வாட்டிதான். இதென்ன கேள்வி?"

"அப்ப போன வாரம் குமரனுக்குச் செஞ்சது?"

"அது சினிமா, சாமி!"

"அப்ப நீங்க பாடுன வாழ்த்து பொய்யிங்களா?"

சமையல்காரர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார். ஒருபுறம் சம்பிரதாயம், மறுபுறம் நாற்பது வருட மானம். மணியன் பந்தலை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நாஞ் செஞ்சா... செஞ்சதுதான்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப நான் எதுக்கு?" என்றாள் உஷாராணி.

"பந்தியக் கவனி, கண்ணு" என்றார் மயிலம்மாள்.

முதலிலிருந்தே இதுதான் திட்டமா என்று நான் மயிலம்மாளிடம் கேட்டேன். "முட்ட பொறுக்கறவளுக்கு என்னங்க தெரியும்?" என்று அடுத்த முட்டை அட்டையை இழுத்துக்கொண்டார்.

கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது படப்பிடிப்பில் மேக்கப் போட்டுவிட்ட பெண் கைபேசியில் எடுத்த படம். கூறைச் சேலையின் இரு முனைகளில் அக்காவும் தம்பியும். மூலையில் கிளாப் பலகை. பின்னால் தூணோரம் வெள்ளைச் சேலை.

"இது யாருங்க, இப்படி அழுவுது?" என்று பெண் வீட்டார் கேட்டார்களாம்.

"பாவமுங்க" என்றாராம் மயிலம்மாள். "அந்தப் புள்ளையச் சீரு செய்ய உடலியாமா."