தொண்ணூற்றாறில் வந்த பாட்டு

காட்டுப்பாக்கத்து டேனிக்கு முப்பத்திரண்டு வயது. பத்து வருஷமாக ஹிப்ஹாப் இசை செய்கிறான். வெறும் ஹிப்ஹாப் என்று சொல்லிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவனுடையது மாற்று ஹிப்ஹாப். எதற்கு மாற்று என்று கேட்டால் சினிமாவுக்கு என்பான். சினிமாப் பாட்டு கேட்கிறவர்களுக்குக் காது இருப்பதே கம்மல் மாட்டத்தான் என்பது அவன் கட்சி.

மாடி அறைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தான். பூந்தமல்லியில் மெட்ரோவுக்குத் தூண் இறக்கிய சத்தத்தைப் போனில் பிடித்து வந்து, கீழே அம்மா ஹில்டாவின் குக்கர் விசிலை அதன்மேல் சேர்த்து ஒரு பாட்டு செய்தான். ஆறு மாதம் அதோடு மாரடித்தான். நல்ல பாட்டுதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நகரத்தில் ஒரு பாரில் அதைப் போட்டுக் காட்ட அரை மணி நேரம் கொடுத்தார்கள். இருந்தது பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் இவனைப் போலவே இசை செய்கிறவர்கள். கையைக் கட்டிக்கொண்டு, அந்தத் தாள அடியை எங்கிருந்து எடுத்தான் என்று கண்டுபிடிப்பதிலேயே குறியாக நின்றார்கள். மற்ற இருவர் மேசை துடைக்க வந்தவர்கள்.

முன்பின் தெரியாத நாலு பேர் தன் பாட்டுக்கு ஆட வேண்டும், அது டேனி செய்தது என்று தெரிந்தே ஆட வேண்டும். அவனுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் யாருக்குப் போட்டுக் காட்டி "என்னுது" என்று சொன்னாலும், அதுவரை ஆடிய தலை நின்றுவிடும். "ஓ, நீயே பண்ணியா" என்று ஒரு பரிதாபச் சிரிப்பு வரும். பத்து வருஷத்தில் அவன் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான்.

வயிற்றுப்பாட்டுக்கு, சென்னீர்குப்பத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் பாண்டியனிடம் கல்யாண டிஜே வேலை. அங்கே போட்டதெல்லாம் அவன் காறித் துப்புகிற சினிமாப் பாட்டுதான். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போடுவான், யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற நினைப்பில்.

போன மே மாதம் பூந்தமல்லியில், ஹில்டாவின் சபையைச் சேர்ந்த ஒரு வீட்டுக் கல்யாணம். காலையில் ஆலயத்தில் தாலி, மத்தியானம் மண்டபத்தில் விருந்து. ஹில்டாவும் வந்து, டேனியின் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டேனி பாட்டுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறவன் இல்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை தாள அடி விழுகிறது என்ற கணக்கில் அடுக்குவான், அப்போதுதான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போகலாம். அவன் சொந்தப் பாட்டும் அதே பென் டிரைவில், தொண்ணூற்றாறு என்ற வரிசையில் கிடந்தது. சினிமாப் பாட்டைக் கேட்கச் சகிக்காமல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு பிரியாணிப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்ததும், லேப்டாப் தானாகவே அடுத்த தொண்ணூற்றாறை எடுத்துப் போட்டுவிட்டது.

தூண் இறங்கும் சத்தம் மண்டபத்தில் விழுந்ததும் டேனிக்கு உயிரே போய்விட்டது. நிறுத்தக் கை போவதற்குள் கூட்டம் எழுந்துவிட்டது. குக்கர் விசில் வந்த இடத்தில் பாதிப் பேர் கூடவே விசிலடித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா சத்தியராஜ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு ஆடினார்.

முடிந்ததும் மூச்சு வாங்க அவர் டேனியிடம் வந்தார். "சோக்கா கீது நைனா. இன்னா படம் இது?"

டேனி வாயைத் திறந்தான். கேட்கிற முகத்தைப் பார்த்தான்.

"வரப்போற படம், அங்கிள்," என்றான்.

அடுத்து பாண்டியன் கேட்டான். அவனிடமும் அதையே சொன்னான். மணப்பெண்ணின் தோழி ஸ்டெஃபி போனோடு வந்து கேட்டாள். அவளுக்குப் படத்துக்கு ஒரு பெயரே வைத்துக் கொடுத்தான்.

இருவரும் ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். காட்டுப்பாக்கத்தில் இறங்கி நாலு அடி நடந்த பிறகுதான் ஹில்டா கேட்டாள்.

"அது என் குக்கர் தானேடா?"

"ஆமா."

"மூணு பேர் கேட்டாங்கோ. மூணு தபாவும் உன்னுது இல்லைன்னுட்ட. பேதுருவும் இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தபா சொன்னாரு, ஆனா அவராவது உசுருக்கு பயந்துகினு சொன்னாரு. நீ இன்னாத்துக்குடா பயந்த?"