மாமா மயங்கி விழுந்த கதை

சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரை ஏறி மிளகு பறிக்கிற என் தாய்மாமன் ஒரு சின்ன ஊசிக்கு மயங்கி விழுந்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

அப்போது எனக்கு ஐந்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே மாட்டுப்பால் குடித்தால் எனக்கு வாந்திதான். அடம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மலைமேல் வளப்பூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊரில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் சீம்பால் வீடு வீடாக வரும். வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் வாடிவிடும். அப்படி வந்ததில் ஒரு கரண்டி தின்றேன். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. எப்படியோ பிழைத்தேன். மலைக்குக் கீழே இருந்த டாக்டர், பால் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

தம்பி பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்ததால் அம்மாவால் வர முடியவில்லை. மாமாதான் என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஊசியைக் கண்டதும் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, மொதல்ல எனக்கு எடுங்க. எம்பட புள்ள பாக்கட்டும்."

ரத்தம் எடுக்கிற அக்கா சிரித்துக்கொண்டே அவர் கையில் பஞ்சைத் தேய்த்து, ஊசியைக் கிட்டே கொண்டுபோனார். பட்டதுகூட இல்லை. மாமா நாற்காலியோடு சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாரே பார்க்கணும்! நான் விழுந்து விழுந்து சிரித்ததில், எனக்கு ரத்தம் எடுத்து முடித்ததே தெரியவில்லை.

சில நாளில் முடிவு வந்தது. பால்தான். தயிர், மோர், நெய் எதுவும் ஆகாது. தெரியாமல் ஒரு வாய் போனாலும் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அழுதாள்.

"ஊருல எத்தன பேரு கையப் புடிக்கறது? ஆசையா ஒரு டம்ளரு நீட்டுனா புள்ள வாங்கிக் குடிச்சுராதா?"

மறுநாளே மாமா கிளம்பிவிட்டார். ஒரு வீடு விடாமல், டீக்கடை விடாமல், தான் விழுந்த கதையைச் சொன்னார். விழுந்தும் காட்டினார். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், "அந்த ஊசி எதுக்குங்க? புள்ளைக்குப் பாலு சேராதுன்னு கண்டுபுடிக்கத்தானுங்க. ஒரு சொட்டுக் குடுத்துராதீங்க சாமி" என்பார்.

ஊரே அவரை 'ஊசி' என்று கூப்பிட ஆரம்பித்தது. எனக்கோ ஆத்திரம். மாமாவுக்குக் கொஞ்சங்கூட வெட்கமில்லையே என்று அம்மாவிடம் போய் அழுதேன்.

டாக்டர் தந்த காகிதம் பீரோவிலேயே கிடந்தது. ஊரில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. மாமாவின் கதையை மறந்தவர் ஒருவரும் இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்! சிரித்துக்கொண்டே என் முன்னாலிருந்த பால் டம்ளரை நகர்த்திவிட்டுப் பலாச்சுளையை வைத்தார்களே, அது மட்டும் அப்போது என் கண்ணில் படவில்லை.